உப்புக் கிணறு

போர் முடிந்துவிட்டது. தலைநகர் அசுன்சியோனின் ராணுவத் தலைமையகத்தில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வரைபட அறைக்கு இனி ஓர் ஆள் போதுமாம். இருந்தவர்கள் இருவர், டெல்ஃபினாவும் ரெமிஜியாவும்.

காலையில் மேஜர் டெல்ஃபினாவை மட்டும் கூப்பிட்டார். மேசைமேல், போர் நடந்த சாக்கோ காட்டின் வரைபடம் விரிந்திருந்தது.

“இந்தக் கிணத்துத் தண்ணி உப்புன்னு குறிச்சது யாரு? இது தெரியாம அந்தப் பக்கம் போயிருந்தா எங்காளுங்க தாகத்துலயே செத்திருப்பாங்க.”

குறித்தது ரெமிஜியா. காணாமல்போன கணவனைத் தேடி ராணுவ மருத்துவமனைக்குப் போனவள், படுத்திருந்த வீரர்களிடம் குவாரனி மொழியில் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். கணவன் கிடைக்கவில்லை. கிணறு கிடைத்தது.

“நீதானேம்மா? கையெழுத்து உன்னோடதாச்சே.”

பார்த்து வரைந்த பிரதி மட்டும்தான் டெல்ஃபினாவுடையது. அவள் தலை லேசாக அசைந்தது. மேஜருக்கு அது போதுமானதாக இருந்தது.

மதியம் ரெமிஜியா மேசையைக் காலி செய்துவிட்டு, எப்போதும்போலத் தெரெரே கலக்க உட்கார்ந்தாள். மாட்டுக்கொம்புக் குவளையில் யெர்பா இலைத்தூளைப் போட்டு, ஜாடியிலிருந்து பச்சிலை நசுக்கிய ஐஸ் தண்ணீரை ஊற்றினாள். ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்ச வேண்டும். போதுமென்றால் நன்றி சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அப்புறம் ஊற்ற மாட்டார்கள்.

“மூஞ்சி ஏன்டி இப்படி இருக்கு? வேலை போனது எனக்கா, உனக்கா?”

“இனி என்னக்கா பண்ணுவீங்க?”

“சந்தையில சிபா ரொட்டி விப்பேன். மேஜர் வந்தா உப்பை அள்ளிப் போட்டுக் குடுப்பேன்.”

டெல்ஃபினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி நிரம்பி வந்தது. ஜாடி காலியாவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

“அக்கா, மேஜர் அந்தக் கிணத்தைப் பத்திக் கேட்டப்ப நான்...”

“கதவு திறந்துதான்டி இருந்துச்சு. நான் வெளியிலதான் நின்னேன்.”

“ஏன்க்கா உள்ள வரல?”

“நீ சொல்லிடுவேன்னு நினைச்சேன்.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று டெல்ஃபினாவுக்குத் தோன்றியது.

“இப்பவே போய்ச் சொல்லிடறேன்க்கா.”

“போ. யாரு வேணாம்னா?”

வராந்தாவின் கோடியில் மேஜரின் அறை. கதவு இப்போதும் திறந்துதான் இருந்தது. வேலை போனால் வீட்டில் அம்மாவிடம் சம்பளத்தைப் பற்றி என்ன சொல்வது என்று டெல்ஃபினா யோசித்தாள். எழுந்திருக்கவில்லை.

வயிறு முட்டிவிட்டது. நன்றி என்று மட்டும் வாயில் வரவில்லை. ரெமிஜியா ஜாடியைச் சாய்த்து, மிச்சமிருந்ததையும் அவளுக்கே ஊற்றினாள்.