பால் விடாத சாயா

மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை தின்றும் செல்லய்யனுக்கு ரத்தம் ஏறவில்லை. ரப்பர் வெட்டுகிற ஆள், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. வெள்ளறடைப் பக்கத்துக் கிளினிக்கில் நர்ஸ் ஸ்டெல்லா ரிசல்ட் சீட்டை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, சாயா குடிக்கியளா?”

“இல்ல சிஸ்டரே. நீங்க சொன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு.”

“காப்பி?”

“அதுவும் இல்ல.”

“பின்ன மாத்திரைய எதுல முழுங்குதிய?”

“கட்டன்லயாக்கும்.”

ஸ்டெல்லா பேனாவை மூடி மேசையில் வைத்தாள். “கட்டனும் சாயாதானே, அண்ணே?”

“பால் விடாம அது எப்பிடி சாயா ஆவும்?” இந்தப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கம் அவர் முகத்தில் இருந்தது.

தொண்டைத் தண்ணீர் வற்ற அவள் விளக்கினாள். தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. காப்பி கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் அதுவும் தடுக்கத்தான் செய்யும். பால் விட்டாலும் விடாவிட்டாலும் கதை ஒன்றுதான்.

“மாத்திரையும் கட்டனும் ஒண்ணோடொண்ணு சேராது. மனசிலாச்சா?”

“நல்லா மனசிலாச்சு.”

அடுத்த மாதம் ரத்தம் இன்னும் இறங்கியிருந்தது. ஸ்டெல்லா சீட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். “கட்டன நிறுத்தலியா?”

“ரெண்டும் சேராதுண்ணு நீங்கதானே சொன்னிய,” என்றார் செல்லய்யன், வெகு பொறுமையாக. “அதனால மாத்திரைய நிறுத்திட்டேன்.”