வெள்ளி மூன்று மணிக்குள் ஒரு காளை

1

திருமயம் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் போனில் சொன்னதை ஒட்டுக்கேட்டேன்: "வேலையக் குறைச்சுக்க. வெள்ளிக்கெழமையத் தள்ளாத." இந்தக் கதையைத் திருடிய இடம் அதுதான். இறங்குவதற்குள் அவருக்குச் சொர்ணவல்லி என்று பெயரும், புதுக்கோட்டையில் நாலு பேர் வேலை பார்க்கும் சாப்ட்வேர் கம்பெனியும் கொடுத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை.

2

மழை பெய்துகொண்டிருந்த அந்த மாலையில் சொர்ணவல்லியின் கண்கள்

(வேண்டாம். இது ஆபீஸ் கதை.)

ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஆப் செய்கிறார் சொர்ணவல்லி. வாரம் ஒரு ஸ்பிரிண்ட், அதாவது ஒரு வாரத் தவணை வேலை. அந்த வாரம் முடிந்ததை, முடிந்த மட்டும், வெள்ளி மூன்று மணிக்கு விழாக் கமிட்டித் தலைவர் சேவுகனிடம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு வெள்ளி தவறினாலும் பழையபடி பேப்பர் டோக்கன்தான் என்று சொல்லிவிட்டார் சேவுகன். (ஊர்ப் பெயர் போடவில்லை. போட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் என்னை வாடிவாசலில் அவிழ்த்துவிடுவார்கள்.)

3

ஆறாவது வெள்ளி. மணி இரண்டு. அந்த வாரத்து வேலையில் காளைப் பதிவுப் பக்கம் மட்டும் ஓடியது. புரோகிராம் எழுதும் நாகராசு கிடாவெட்டுக்குப் போய்விட்டு மதியம்தான் திரும்பியிருந்தான்.

"இந்த வெள்ளிய விட்ருவோம்க்கா. மார்கழிக் கடைசில முழுசாக் காட்டுனா கெத்தா இருக்கும்."

"காலேஜ்ல நீ முழுசா முடிச்ச ப்ராஜெக்ட் ஒண்ணு சொல்லு."

நாகராசு பேச்சை மாற்றினான். "அரைகுறையாக் காட்டுனா அசிங்கம்க்கா."

"கறிச்சோறு திங்கிறப்ப அது தெரியலயா? ஓடுறத மட்டும் காட்டு."

(இங்கே நாகராசுவை வில்லனாக்கிப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.)

4

சேவுகன் வந்தார். போனை வாங்கி, காளைப் பெயரில் 'கருப்பு' என்று தட்டினார். அடுத்த கட்டம் ஓனர் பெயர். அதன் கீழே ஓனரின் போன் நம்பர். நிரப்பாமல் நகராது.

"இங்கிட்டு என்னத்தப் போட?"

"மாட்டுக்காரர் பேருங்கய்யா," என்றார் சொர்ணவல்லி.

"இது கோயில் மாடாச்சே. வாடிவாசல்ல மொதல்ல அவுக்குறதே இதத்தான் ஆத்தா. இதுக்கு ஏது ஓனரு?"

நாகராசு சுவரைப் பார்த்தபடி சொன்னான்: "அய்யனாரு பேரப் போட்ருவோங்க."

சேவுகன் விடவில்லை: "சரி. ஓடிபி யாருக்கு வரும்?"

5

முடிவு அ: பேப்பர் டோக்கனுக்கே திரும்புகிறார் சேவுகன். (சோகம் எனக்குச் செரிக்காது.)

முடிவு ஆ: அனைவரும் எழுந்து நின்று கைதட்ட (மொத்தமே நாலு பேர். ஒருவர் லீவு.)

நான் தடுப்பதற்குள் சொர்ணவல்லி சிரித்துவிட்டார். "மார்கழிக் கடைசில காட்டியிருந்தா, வாடிவாசல்ல மொத மாடே ஓடிபிக்குக் காத்துக்கிட்டு நின்னுருக்கும் தம்பி."

சேவுகனுக்கும் மீசை ஆடியது. "அடுத்த வெள்ளி வாரேன். கோயில் மாட்ட மொதல்ல அவுத்துக் காட்டுங்க." பேப்பர் டோக்கன் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

எனக்கும் மணி மூன்றாகிவிட்டது. இந்தக் கதையில் ஓடுவது இவ்வளவுதான். நாகராசுவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. அவனுக்கு முன்னால் கீழே உள்ள கட்டத்தை நீங்கள் நிரப்பிவிட்டால் அவனிடம் சொல்லாதீர்கள்.

ஓனர் பெயர்*: ________

*கட்டாயம் நிரப்ப வேண்டும்.