ஒடிச்சுப் பாத்தியா?

அப்பாவின் கைகள் மறுபடியும் ஓட்ட ஆரம்பித்தன. ஈரத்துணியால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த மகள் துணியைக் கீழே வைத்தாள். போர்வைக்கு மேலே, இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இடதுபக்கம் திருப்பினார். முக்கால்வாசி வந்ததும் கைகள் நின்றன. தம் பிடித்து இழுத்தார், அசையவில்லை. காலையிலிருந்து இதே கதை. இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எந்த வண்டிடி ஓட்டுறாரு?" என்றாள் அம்மா.

"கருப்பு வண்டிம்மா." வாய்கூசாமல் பொய் சொன்னாள். அவர் ஓட்டியது வெள்ளை வண்டி.

அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் கார்களை மட்டுமே பழுது பார்த்தவர் அப்பா. அவற்றில் ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாப்பிடும்போதுகூட விடமாட்டார், தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார். கருப்பு வண்டியின் ஸ்டியரிங் பெட்டிக்குள் முழு வட்டப் பல்சக்கரம். தேய்ந்தால் கழற்றிக் கால் சுற்று திருப்பிப் போட்டால் போதும், புதுப் பல் கிடைத்துவிடும். வெள்ளை வண்டிக்கு வாய்த்ததோ சக்கரத்தில் ஒரு துண்டுதான். நேராகவே ஓடி ஓடி நடுப்பல் தேயும், ஸ்டியரிங் ஆடும். ஆட்டம் போக இறுக்கினால் தேயாத ஓரப்பல் சிக்கும். அதனால் இறுக்கிய கையோடு இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, கடைசிவரை திருப்பிப் பார்த்தே தீர வேண்டும்.

ஒருநாள் வெள்ளை வண்டியை அப்பா இறுக்கி முடித்தார். அன்றைக்கு ஒடித்துப் பார்க்கிற வேலை அவளுடையது. வயது பத்தொன்பது, தோழியின் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டது. ஒடித்துப் பார்த்தாயா என்று கை கழுவப் போன அப்பா அங்கிருந்தே கேட்டார். அவள் ஸ்டியரிங்கை நடுவில் லேசாக ஆட்டிவிட்டு, பார்த்தாயிற்று என்று இறங்கிவிட்டாள். சூப்பர்வைசரே சொல்லியாச்சு, அப்புறமென்ன என்று கிண்டலடித்தபடி அண்ணன் வண்டியை எடுத்தான். இறக்கத்து வளைவில் சுவரில் மோதினான்.

கண்ணுமண்ணு தெரியாமல் ஓட்டியிருக்கிறான் என்றார் அப்பா. நொறுங்கிய ஸ்டியரிங் பெட்டியைத் தானே பிரித்து, சிக்கியிருந்த ஓரப்பல்லைப் பார்த்த பிறகும் அதையேதான் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக அம்மா செத்த மகனின் வேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கோ எந்த வளைவில் திரும்பினாலும் பக்கத்து இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். அவன் ஒன்றும் கேட்கமாட்டான். அதுதான் அவளுக்குப் பயம்.

அம்மா வெந்நீர் எடுக்க உள்ளே போனாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

"முழுசா ஒடிச்சுப் பாத்தியா?"

அன்றைக்குப் பிறகு அவர் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை.

"இல்லப்பா."

"தெரியும்." மூச்சு இழுத்தது. "அம்மாகிட்ட சொல்லிடாத."

கைகள் விழுந்தன. இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

அம்மா வந்தாள். பார்த்தாள். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கால்மாட்டில் உட்கார்ந்து வெகுநேரம் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு, பழகிய வாய்தானே, "அவன் மட்டும் அவ்வளவு வேகமாப் போகாம இருந்திருந்தா, இப்ப இவர் பக்கத்துல இருந்திருப்பான்" என்றாள்.

அவளைக் காப்பாற்ற அப்பா அண்ணனை விட்டுக்கொடுத்துவிட்டார். இனியும் அவனை விட்டுக்கொடுக்க அவளால் முடியவில்லை.

"அண்ணன் வேகமாப் போகலம்மா."

அம்மா நிமிர்ந்து அவளையே பார்த்தாள்.

மகள் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த இடது கையைத் தூக்கி அப்பாவின் நெஞ்சுக்குக் கொண்டுவந்தாள். எங்கேயும் சிக்காமல் முழுசாக வந்தது.