வெனிசுலா விலகிய வாரம்

வெனிசுலா என்றொரு நாடு இருப்பது ஐம்பத்திரண்டு வயது வரை ஞானம்பாளுக்குத் தெரியாது. தெரியாததால் குடும்பத்தில் எந்தக் குறையும் வந்துவிடவில்லை. அந்த நாடு தன் அக்கம்பக்கத்து நாடுகளோடு சேர்ந்து வைத்திருந்த வர்த்தகக் கூட்டமைப்பிலிருந்து விலகப்போவதாக 2006 ஏப்ரலில் அறிவித்தது. அறிவித்த பன்னிரண்டாம் நாள், கல்பாக்கம் நகரியத்தில் ஞானம்பாளுக்குக் காலையில் சர்க்கரை ஊசி போட ஆளில்லாமல் போனது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தமிழ் மன்றம் எதிலும் உறுப்பினராக இருந்திருக்க மாட்டார்கள்.

நகரியத்தின் தமிழ் மன்றத்துக்கு ஆண்டுவிழா என்றால் பட்டிமன்றம் இருந்தே ஆக வேண்டும். அந்த வருஷம் தலைப்புக்குத்தான் பஞ்சம். சட்டமன்றத் தேர்தலுக்கு ஒரு வாரமே இருந்தது. சபையில் இருப்பவர்கள் பெரும்பாலும் மத்திய அரசு ஊழியர்கள். இலவசம், விலைவாசி, தண்ணீர் என்று எதை எடுத்தாலும் அரசியல் வாடை அடித்தது. குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்று வைக்கலாமென்றால், நான்கு வருஷத்துக்கு முன்னால் அதே தலைப்பில் பேசிய தம்பதி இன்றைக்கும் தனித்தனி பஸ்ஸில்தான் செங்கல்பட்டு போய் வருகிறார்கள். செயலாளர் சுப்புராமன் யோசித்து யோசித்து, பேப்பரின் உள்பக்கத்து மூலையிலிருந்து ஒரு செய்தியைக் கத்தரித்துக்கொண்டு வந்தார். 'வர்த்தகக் கூட்டமைப்பிலிருந்து வெனிசுலா விலகியது சரியா, தவறா?'

"பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற நாடு. இதுக்குப் போய் இங்க யாரும் சண்டை போட முடியாது" என்றார். அவருடைய இருபது வருஷப் பொதுவாழ்வில் இவ்வளவு பெரிய தப்புக் கணக்கை அவர் போட்டதில்லை.

யார் எந்தப் பக்கம் என்பதை மன்றத்தில் எப்போதும் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். ஞானம்பாளின் கணவர் வாசுதேவன் நிர்வாகப் பிரிவில் அதிகாரி. விலகியது சுத்த முட்டாள்தனம் என்று அந்த வாரம் முழுக்கக் காபி குடிக்கும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். பக்கத்து வீட்டு ஜெபசிங் பராமரிப்புப் பிரிவில் ஃபோர்மன். மானம் உள்ள நாடு அப்படித்தான் செய்யும் என்று பால் பூத்தில் அடித்துப் பேசியவர். சீட்டு எடுத்தபோது வாசுதேவனுக்கு 'சரியே' வந்தது. ஜெபசிங்குக்கு 'தவறே' வந்தது. இரண்டு பேரும் சீட்டைப் பிரித்துப் பார்த்தார்கள், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்கள், வீட்டுக்கு வருவதற்குள் கொள்கை மாறிவிட்டார்கள்.

மறுநாளிலிருந்து வாசுதேவன் பீரோக் கண்ணாடிக்கு முன்னால் நின்று கையை ஆட்டினார். மகள் பிரதீபா சிறுசேரி ஆபீஸிலிருந்து பிரிண்ட் எடுத்து அனுப்பிய இருபது பக்கத்தில் அவருக்கு ஒரு புதையல் கிடைத்திருந்தது. கூட்டமைப்பை விட்டு விலகுகிற நாட்டுக்கும், ஏற்கெனவே இருந்த வரிச்சலுகை ஐந்து வருஷத்துக்குத் தொடரும். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. "பாத்தியா ஞானம், விலகினா ஒண்ணும் குடி முழுகிடாது" என்றார். ஞானம்பாள் அரைக்க உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றாள். இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிப் பழகிய வாய்.

ஊசி விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷமாக அவளுக்கு இன்சுலின். சிரிஞ்சில் இருக்கும் சின்னக் கோடுகள் அவள் கண்ணுக்குத் தெரியாது. வாசுதேவனுக்கோ ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். ஜெபசிங்கின் மனைவி ஜெசிந்தா ஆஸ்பத்திரி நர்ஸ். காலை ஆறரைக்குப் பின்வாசல் வழியாக வருவாள், ஃபிரிட்ஜ் கதவிலிருந்து மருந்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டுவாள், "இன்னா ஞானக்கா, ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டு முடிப்பதற்குள் ஊசி ஏறி இறங்கியிருக்கும். போகும்போது ஒரு தூக்கு தோசைமாவு அவள் கையில் போகும். இந்த ஏற்பாடு இரண்டு வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. பிரதீபாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா ஊசியில் ஓடுகிறாள் என்று தெரிந்தால் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் உத்தமர்கள் ஊரில் நிறைய. மாயவரத்தில் இருக்கும் கூடப்பிறந்த அக்காவிடம்கூட ஞானம்பாள் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமுதாயக் கூடம் நிறைந்துவிட்டது. நடுவர் கண்ணாயிரம், செங்கல்பட்டில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வெனிசுலா எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்பதை மேடை ஏறும்போது சுப்புராமனிடம் காதோடு காதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்து நிமிஷம் அதன் இயற்கை வளத்தை வர்ணித்தார். மூன்றாம் வரிசையில் ஞானம்பாளும் ஜெசிந்தாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில், ஒரே பொட்டலத்துச் சுண்டலோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வாசுதேவன் நன்றாகவே பேசினார். கூட்டாளிகளான கொலம்பியாவும் பெருவும் அமெரிக்காவோடு தனியாக ஒப்பந்தம் பேசின பிறகு அந்தக் கூட்டில் என்ன மரியாதை என்றார். தன் காலில் நிற்பவனே மனிதன் என்றார். கடைசியில் ஐந்து வருஷச் சலுகையை எடுத்துவிட்டார். கூடம் கைதட்டியது.

ஜெபசிங் எழுந்து மைக்கைப் பிடித்தார். "நடுவர் அவர்களே, வூட்ட வுட்டுப் போறேன்னு சண்ட போட்டுகினு கெளம்புறவன், அஞ்சு வருஷத்துக்கு சோறு மட்டும் அனுப்புன்னு கேக்கலாமா?" கூடம் அதைவிடப் பெரிதாகக் கைதட்டியது. அதோடு உட்கார்ந்திருந்தால் வெனிசுலாவும் பிழைத்திருக்கும், இவர்களும் பிழைத்திருப்பார்கள். கைதட்டல் ருசி மனிதனை அப்படி உட்கார விடாது.

"வாசுதேவன் சார் தன் கால்ல நிக்கணும்னு சொல்றாரு. சந்தோஷம். அவரு வூட்டம்மாவுக்கு தினம் காலைல சக்கரை ஊசி போடறது யாரு? என் வூட்டுக்காரம்மா. பக்கத்து வூட்டு தயவு இல்லாம இவங்களுக்குப் பொழுது விடியல. இவரு வெனிசுலாவுக்கு தைரியம் சொல்ல வந்துட்டாரு."

நானூறு பேர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நானூறு பேரும் மூன்றாம் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானம்பாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. கையிலிருந்த சுண்டலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஜெசிந்தா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஆளு வாயில கொள்ளிய வெக்க" என்று பல்லைக் கடித்தாள்.

வாசுதேவன் தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. மைக்கைப் பிடுங்கி, "நாளையிலிருந்து அந்த உதவி எங்களுக்கு வேண்டாம். இந்த மேடையிலேயே விலகுகிறேன்" என்றார். அன்றைய நிகழ்ச்சியிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது. ஊசி ஏறும் கை யாருடையது, அந்தக் கைக்குச் சொந்தக்காரியிடம் கேட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. விலகியது சரிதான், ஆனாலும் விலகாமல் இருந்திருக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, சால்வையோடு கண்ணாயிரம் கார் ஏறினார்.

மறுநாள் ஆறரைக்கு ஜெசிந்தா வந்தாள். பின்வாசலில் வாசுதேவன் பேப்பரும் கையுமாக நின்றிருந்தார்.

"சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஜெசிந்தா அவரைப் பொருட்படுத்தவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் சமையலறையில் நின்றவளைப் பார்த்து, "ஞானக்கா, நீ சொல்லு. வரட்டுமா, போவட்டுமா?" என்றாள்.

ஞானம்பாள் வாயைத் திறக்கவில்லை. வா என்ற ஒரே எழுத்துதான், அது வரவில்லை. புருஷன் சொன்னதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. ஜெசிந்தா திரும்பி நடந்தாள். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் தான் செய்தது என்னவென்று ஞானம்பாளுக்கு உறைத்தது.

அன்று மே தினம். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிப் பிரிவுக்கு விடுமுறை. ஆகவே தன் காலில் நிற்கும் பொறுப்பு முழுவதும் வாசுதேவன் தலையில் விழுந்தது. மருந்தை எடுத்தார், உருட்டினார், சிரிஞ்சில் ஏற்றினார். அவள் கையருகே ஊசியைக் கொண்டுபோனதும் முகம் வெளிறி, அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தென் அமெரிக்காவில் எண்ணெய் வளம் மிக்க ஒரு தேசத்தையே தனியாக நிற்கச் சொன்னவருக்கு, ஞானம்பாள் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஊசி இல்லை.

அடுத்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி. ஊசி அறை எட்டரைக்குத்தான் திறக்கும். அதுவரை வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வேண்டும். அங்கே பணி செய்யும் ஜெசிந்தா வேறு வார்டில் இருந்தாள். ஊசி அறையிலேயே இருந்தாலும் ஞானம்பாள் எந்த முகத்தோடு போய் நிற்பாள்? வரிசையில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். "நீங்கதான் அந்த ஊசி மாமியா?" அடுத்த கேள்வி, "வெனிசுலா விஷயத்துல நீங்க யார் பக்கம்?"

நகரியம் முழுக்க அதே பேச்சுதான். காலை நடைக் குழு இரண்டாகப் பிரிந்து ஒன்று கடலைப் பார்த்தும் இன்னொன்று புதுப்பட்டினத்தைப் பார்த்தும் நடந்தது. அலுவலக பஸ்ஸில் 'சரியே'காரர்கள் பக்கத்தில் 'தவறே'காரர்கள் உட்காரவில்லை. வெனிசுலா விவகாரத்தில் மன்றத்துக்குத் தனிக் கருத்து எதுவும் கிடையாது என்று சுப்புராமன் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார். அதை யாரோ கிழித்தார்கள். யார் கிழித்தது என்பதில் இன்னொரு சண்டை வந்தது.

வியாழக்கிழமை ரத்தத்தில் சர்க்கரை முந்நூற்றுப் பத்து. டாக்டர் வாசுதேவனைக் கூப்பிட்டுத் திட்டினார். வீட்டுக்கு வந்த வாசுதேவன், "முதல்ல அவன் வந்து மன்னிப்புக் கேக்கட்டும்" என்றார். முந்நூற்றுப் பத்து யாருடைய ரத்தத்தில் என்பதை அந்த மனிதர் மறந்தே போயிருந்தார். ஞானம்பாளுக்கு அப்போது வந்தது கோபம். வாழ்க்கையில் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை என்பதில்லை. இதைப் போல உள்ளங்காலிலிருந்து வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை. மருந்துப் புட்டியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள், செருப்பை மாட்டினாள். பின்வாசலை விட்டுவிட்டு, தெருவே பார்க்கட்டும் என்று முன்வாசல் வழியாக இறங்கினாள்.

"எங்க போற?" என்றார் வாசுதேவன்.

"விலகினாலும் அஞ்சு வருஷத்துக்குச் சலுகை உண்டுன்னு நீங்கதான மேடைல சொன்னீங்க? அஞ்சு நாள்தான் ஆச்சு."

அவர் பீரோவைத் திறந்து இருபது பக்கப் பிரிண்டைத் தேடினார்.

ஜெபசிங்தான் கதவைத் திறந்தார். பனியனோடு நின்றவர் அவளைக் கண்டதும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வாங்கக்கா" என்றார். ஐந்து நாளில் மனிதர் இளைத்திருந்தார். ஜெசிந்தா அவருக்கு அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டதும், மூன்று வேளையும் அவர் புதுப்பட்டினம் ஓட்டலில் நாஸ்தா தின்பதும் ஞானம்பாளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"ஜெபசிங் தம்பி, என் வியாதியை எதுக்கு மேடையேத்துனீங்க? நான் உங்களுக்கு இன்னா பண்ணேன்?" இருபது வருஷம் இந்த ஊர்த் தண்ணீர் குடித்ததில் அவளுக்கும் அந்த 'இன்னா' வந்துவிட்டிருந்தது.

"தப்புதான்க்கா. கைய தட்டிகினே இருந்தாங்க. வாயி தானா போயிடுச்சு." கொஞ்சம் தயங்கி, "உண்மைய சொன்னா, அந்த நாடு விலகுனது சரின்னுதான் எனக்குத் தோணுது" என்றார்.

ஞானம்பாளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அதற்குள் ஜெசிந்தா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு வாய் வரல ஜெசி. இன்னிக்குச் சொல்றேன். வா" என்றாள் ஞானம்பாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"அட, உக்காரு ஞானக்கா" என்று ஜெசிந்தா புட்டியை வாங்கிக் கையில் உருட்டினாள். அப்போது வாசலில் நிழல் தட்டியது. வாசுதேவன் உள்ளே வரவும் தெரியாமல், போகவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். ஜெசிந்தா சிரிஞ்சில் மருந்தை ஏற்றி, அவரிடம் நீட்டினாள்.

"வாங்க சார். இன்னிக்கு நீங்கதான் போடணும். நான் பக்கத்துல நிக்கறேன். நாளைக்கு வேற ஒரு நாடு விலகும், நீங்க ரெண்டு பேரும் மறுபடி மேடை ஏறுவீங்க. அன்னிக்கு ஞானக்கா இன்னா பண்ணும்?"

"எனக்குத் தலை சுத்தும் சிஸ்டர்."

"சுத்தட்டும். இவரு புடிச்சிக்குவாரு."

ஜெபசிங் மறுபேச்சில்லாமல் வந்து பின்னால் நின்று வாசுதேவனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். ஐந்து நாள் பேசாத இரண்டு பேர் அப்படி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா ஞானம்பாளின் மேல்கைச் சதையைக் கிள்ளிப் பிடித்து, இங்கே என்று காட்டினாள். வாசுதேவனின் நெற்றியில் வேர்வை கோத்திருந்தது. கண்ணை மூடப் பார்த்தவரை, "கண்ண தொறந்து பாருங்க சார்" என்று அதட்டினாள். அவர் பார்த்தார். ஊசி உள்ளே போனது, மருந்து இறங்கியது, வெளியே வந்தது.

"வலிச்சுதா ஞானம்?" என்றார்.

இல்லை என்றுதான் இத்தனை வருஷமும் அவள் சொல்லி வந்திருக்கிறாள். எதற்குக் கேட்டாலும் இல்லை. அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வலிச்சுது" என்றாள்.