ஏப்ரல் கூப்பிட்டால்தான் வரும்

"ஏப்ரல் இனித் தானா வராது. நீங்க கூப்பிட்டாத்தான் வரும்" என்று றோஸ் சொன்னது என் குசினிச் சுவர் வழியாகக் கேட்டது. நான் ஒட்டுக்கேட்கிற ஆளில்லை. சுவர் மெல்லியது, அதன் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிப்பது என் வழக்கம், அவ்வளவுதான். அவள் புருஷன் பேணாட் பதில் சொல்லத் தொடங்கி முதல் எழுத்திலேயே நின்றான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வாய் திக்கும். இந்த வாயை வைத்துக்கொண்டு ஏப்ரல் என்று ஒருத்தியா! கோவிலடியில் ஜூன் இருக்கிறாள், ஜூலி இருக்கிறாள், ஏப்ரல் இருக்கக்கூடாதா? பின்வீட்டு நதீஷாவிடம் மட்டும்தான் சொன்னேன். பின்னேரத்துக்குள் துறைமுகத்தடி முழுக்கத் தெரிந்திருந்தது.

மறுநாள் கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் போனேன். மேசையில் லெப்டொப், திரையில் கணக்குப் படம், அதில் ஒரு நீலக் கட்டை, அடியில் 'ஏப்ரல்' என்று எழுதியிருந்தது.

"வாங்கக்கா, ஏப்ரலைப் பாக்கத்தானே வந்தனீங்க? இதுதான் ஆள்" என்றாள் றோஸ், சிரிக்காமல்.

பேணாட் மீனவர் சங்கச் செயலாளர். ஐஸ் அறை இல்லாமல் மாதாமாதம் எவ்வளவு மீன் பழுதாகிறது என்று தராசடியில் நின்று நிறுத்து, எக்செல்லில் ஏற்றியிருந்தான். சனிக்கிழமை கடற்றொழில் அதிகாரிகள் சங்க மண்டபத்துக்கு வருகிறார்கள். விளங்கப்படுத்தினால் ஐஸ் அறை கிடைக்கலாம். ஆனால் சங்கத் தலைவர் றிக்சன், "நீ கதைச்சு முடிக்க மிச்ச மீனும் நாறிப்போயிடும், மச்சான். நான் கதைக்கிறன்" என்றிருக்கிறான். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்த பேணாட் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லையாம்.

"நாத்தத்துக்குள்ள நிண்டு நிறுத்தது இவர். இவர்தான் கதைக்கவேணும்" என்றாள் றோஸ்.

அவன் கணக்கை அவள்தான் மாதத்துக்கு ஒரு கட்டையாகப் படமாக்கியிருந்தாள். முதலில் கட்டைகள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தனவாம். சனம் படத்தைப் பார்த்து முடிக்கும்போது இவன் ஜனவரியில் நிற்பான். அனிமேஷன் போட்டு மாதம் மாதமாக எழும்பவிட்டாள். அது இரண்டு செக்கனுக்கு ஒன்றாகத் தானே ஓடியது. இவன் மார்ச்சில் திக்க, ஏப்ரல் எழும்பிவிட்டது. அதனால்தான் தட்டினால் மட்டும் வருகிற மாதிரி மாற்றியிருக்கிறாள். கதைப்பது இவன், தட்டுவது அவள்.

சனிக்கிழமை மண்டபத்துக்கு நானும் போனேன், கடிக்கப் பற்றிஸும் குடிக்கத் தேத்தண்ணியும் உண்டென்றார்கள். றோஸ் லெப்டொப்போடு சுவரோரம் இருந்தாள். திரையைப் பார்க்கவில்லை, பேணாட்டின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜனவரி வந்தது. பெப்ரவரி வந்தது. அடுத்தது மார்ச். 'ம' அவனுக்கு எப்போதும் பகை.

"ம… ம…"

ஓர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முன்வரிசையில் றிக்சன் பாதி எழும்பி, "மார்ச், சேர்…" என்றான்.

"இருங்கண்ணை. கட்டை இன்னும் வரேல்லத்தானே" என்றாள் றோஸ்.

றிக்சன் இருந்துவிட்டான். திரையும் பொறுத்திருந்தது.

"மார்ச். நூற்றிநாற்பது கிலோ."

கட்டை எழும்பியது. ஏப்ரல் அவன் கூப்பிட்ட உடனே ஓடிவந்தாள், நதீஷா என் விலாவில் இடித்தாள். கடிகாரம் பார்த்த அதிகாரி பேனையைத் திறந்து எதையோ எழுதத் தொடங்கினார்.

அடுத்தது மே. பேணாட் உதடுகளை மூடினான். அவை திறக்கவில்லை. றோஸின் விரல் பொத்தானுக்கு மேலே, தொடாமல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். றிக்சன், நதீஷா, பேனை பிடித்த அதிகாரி, மண்டபத்தில் அத்தனை பேருடைய உதடுகளும் அந்த ஒரு எழுத்துக்காக ஒட்டியிருந்தன. என்னுடையதும்.