கல்லில் வெட்ட வேண்டிய தேதி

அப்பா என் கையைப் பிடித்தபடிதான் கண்ணை மூடினார் என்று ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சமர்கந்தில் மிச்சமிருக்கும் எங்கள் யூத சனத்திடம் சொன்னேன். நியூயார்க்கில் இருக்கும் தம்பி யூனோவிடமும் சொன்னேன். அது பொய்.

கேட்பார் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பொய்யோடு நானும் ஒரு நாள் மண்ணுக்குள் போயிருப்பேன். கல்தச்சன் விடவில்லை. கல்லறைக் கல்லில் அப்பாவின் முகத்தைப் பொறித்தாகிவிட்டது, இறந்த தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தான். எங்களுக்கு நாள் மாறுவது சூரியன் அடையும்போது. அப்பா போனது வெள்ளிக்கிழமை அந்தியில். சூரியன் அடைவதற்கு முன் என்றால் எங்கள் நாட்காட்டியில் ஆதார் மாதம் இருபத்தொன்று, பின் என்றால் இருபத்திரண்டு. இதில் தப்பு நடந்தால் அவருக்காக மகன் சொல்லும் பிரார்த்தனை வருடா வருடம் தப்பான நாளில்தான் விழும். நான் முன் என்று சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் அன்று வருட நினைவுக்குக் கூடியிருந்தோம். யூனோவுக்கு மறுநாள் மதியம் விமானம்.

நீள மேசையில் பன்னிரண்டு ஆண்கள். பழம், பாதாம், வெள்ளரி, ரொட்டி, பூண்டு போட்ட பொரித்த மீன் என்று ஒவ்வொன்றுக்கும் ஆசி சொல்லிச் சாப்பிட்டு, நடுநடுவே அப்பாவைப் பற்றிப் பேசினார்கள். முடிதிருத்துபவரான அவரை 'உஸ்தோ', அதாவது ஆசான், என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

"நிசோன் உஸ்தோ கடையில சண்டை வந்தா அவரு நிறுத்தவே மாட்டாரு," என்றார் தையற்காரர் பிஞ்ஹாஸ். "சவரக் கத்தி என் தாடையில இருக்கும். 'பேசுங்கப்பா, தலைய மட்டும் ஆட்டாதீங்க'ம்பாரு. சண்டை போடுறவன் திரும்ப வருவானாம். பேசாமப் போறவன்தான் வரமாட்டானாம்."

அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஃபோன் திரையிலேயே கத்தரிக்கோலைச் சொடுக்கி முடி வெட்டிவிடுவார் என்று இன்னொருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். யூனோ தன் ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தான். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் குட்டு அந்த ஃபோனில்தான் இருந்தது. அன்று, சூரியன் அடையும் முன் ஏற்றியாக வேண்டிய ஓய்வுநாள் விளக்கை ஏற்ற நான் எழுந்தபோது அவன் அழைத்தான். எட்டு மாதமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அப்பாவை அவன் கூட்டிக்கொண்டு போவதா, நான் வைத்துக்கொள்வதா என்ற தகராறு. முற்றத்தில் நின்று முக்கால் மணி நேரம் கத்தினேன். அப்பா செத்தால் மண்ணள்ளிப் போட மட்டும் வருவாய் என்றுகூடச் சொன்னேன். உள்ளே போனபோது பக்கத்து வீட்டு ஷரோஃபத் அக்கா படுக்கையில் கிடந்த அப்பாவின் கையை எடுத்து என் கையில் வைத்தாள். கை இன்னும் சூடாக இருந்தது. அவள் வெளியே போய்விட்டாள். விளக்கு ஏற்றாமலே கிடந்தது. எப்போது உயிர் போனது என்று அவளைக் கேட்க எனக்குத் தைரியம் வரவே இல்லை.

"புலோர், தச்சன் வாசல்ல நிக்கிறான்," என்றார் எங்கள் மதகுரு ரபி முர்தகாய். "கடைசியா ஒரு தடவை கேட்டுக்கிறேன். சூரியன் இருக்கும்போதா?"

"ஆமா."

"நீ பக்கத்துல இருந்தியா?"

"எத்தனை தடவை சொல்றது ரபி? என் கையிலதான் உயிர் போச்சு. அப்புறம்தான் போய் விளக்கேத்தினேன்."

யூனோ ஃபோனைத் திருப்பி அன்றைய அழைப்பின் நேரத்தைப் பார்த்தான். யாருக்கும் காட்டவில்லை.

"அக்கா, நீ அப்ப எங்கூடத்தானே பேசிட்டிருந்தே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் ஒரு வருஷமா ஏன்டா வாயை மூடிட்டிருந்தே?"

"கூப்பிட்டது நான்தானே," என்றான்.

அவனும் இத்தனை நாள் அதே பாரத்தைச் சுமந்திருக்கிறான்.

"எனக்குத் தெரியாது ரபி," என்றேன். "நான் அங்க இல்ல."

பன்னிரண்டு பேரும் ரொட்டியைப் பார்த்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஷரோஃபத் அக்கா கெண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள். "அன்னிக்கு எனக்கு ரமலான் நோன்பு. திறக்கறதுக்குத் தண்ணியோட அவரு பக்கத்துல உக்காந்திருந்தேன். உஸ்தோ ஜன்னலைப் பாத்துட்டு, 'சூரியன் போயிடுச்சு, குடி, நாக்கு வறண்டு கெடக்கே'ன்னாரு. குடிச்சேன். 'புலோர் விளக்கேத்திட்டாளா'ன்னாரு. ஏத்திட்டான்னேன். 'நோன்பு திறந்த வாயாலயே பொய்யா'ன்னு சிரிச்சாரு. மூலையில தொழுதுட்டு வந்து கையைப் பிடிச்சேன். அதுக்கப்புறம்தான் போனாரு."

"இருட்டிடுச்சா?" என்று கேட்டார் ரபி.

"நட்சத்திரமே வந்தாச்சு."

யூனோ அவள் பக்கம் திரும்பினான். "நாங்க கத்தினது அவருக்குக் கேட்டுச்சா?"

"தெருவுக்கே கேட்டுச்சு, அவருக்குக் கேக்காதா? இவளைக் கூட்டிட்டு வரலாம்னு எந்திரிச்சேன். என் கையைப் பிடிச்சு நிறுத்திட்டாரு. 'கூப்பிடாத. ரெண்டும் பேசி எட்டு மாசமாச்சு. பேசட்டும்'னாரு."

நான் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். ஒரு வருடமாக அழாத அழுகை.

ரபி எழுந்துபோய் வாசலில் இருந்த தச்சனிடம் இருபத்திரண்டு என்று சொல்லிவிட்டு வந்தார். "அப்ப நினைவு நாள் நாளைக்குச் சாயங்காலம்தான் பொறக்குது. எல்லாரும் திரும்ப வாங்க. யூனோ, உனக்கு விமானம் இல்ல?"

"மாத்திக்கறேன்," என்றான் யூனோ.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "நெசமா இருக்கப் போறியா?"

"ஏன், துரத்தப் பாக்கிறியா?"

"இருந்து தொலை. அப்பா ரூம்ல படுக்கை போடறேன். நாளைக்கும் இதே மீன்தான்."

"பூண்டையாவது கொறைச்சுப் போடு அக்கா. வாயில வைக்க முடியல."

"ஆறாயிரம் மைல் தாண்டி வந்து என் மீன்ல குத்தம் கண்டுபிடிக்கிறியா?"

அவனும் குரலை உயர்த்தினான், நானும் உயர்த்தினேன். மேசையில் ஒருவர்கூட எங்களை நிறுத்தவில்லை.