கண்ணாடியைத் தொட்ட விரல்

மூட்டு மாற்று ஆபரேஷனில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பெரிய டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். கை சுத்தம் பற்றி மாநாடுகளில் ஒரு மணி நேரம் பேசுவார். குறிப்பெல்லாம் வேண்டாம், மைக் போதும்.

அப்பேர்ப்பட்டவருக்கே அன்று காலை பயமாக இருந்தது. மேசையில் படுத்திருந்தது அவருடைய அக்கா. சர்க்கரை நோய்க்காரி. புது மூட்டில் கிருமி புகுந்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரும். அப்புறம் அவள் எங்கே நடப்பது? வேறு டாக்டரிடம் அனுப்பப் பார்த்தார். "உனக்கு நடை பழக்கினது நான். என்னை நீ நடக்க வை" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

சர்க்கரை இறங்க இரண்டு மாதம் காத்திருந்தார். கிருமிநாசினி சோப்பில் குளிக்க வைத்தார். காலில் பிளேடு படவே கூடாது, கீறலில் கிருமி குடியேறிவிடும் என்று வார்டுக்கு மூன்று முறை போன் செய்தார். கத்தி வைக்குமுன் போடவேண்டிய ஆன்டிபயாடிக் ஊசியையும் போட்டாயிற்று.

இடுப்புக்குக் கீழே மரத்துப்போன அக்கா, பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் விழித்துக்கொண்டு கிடந்தாள். டாக்டர் தேய்த்துக் கழுவி, கையுறை மாட்டி, பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பினார்.

"கிருமி நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதுக்கு நம்மளத் தெரியும்..."

"சார், கையுறை மாத்தணும்" என்றாள் கருவிகளை எடுத்துத் தரும் சிஸ்டர். "கண்ணாடியத் தொட்டுட்டீங்க."

"நானா? இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல..."

பயிற்சி டாக்டர்கள் தரையைப் பார்த்தார்கள். தரை அன்று அவ்வளவு அழகாக இருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தொட்டிருப்பான்மா. பாடம் நடத்த ஆரம்பிச்சா கண்ணாடிய மேல தள்ளுவான். கண்ணாடி போட்ட நாள்லேருந்து இதே கதைதான்."

"அக்கா, பேசாம படு."

"படுத்துக்கிட்டுத்தானேடா இருக்கேன்! கை கழுவாமலே கழுவிட்டேன்னு தட்டு முன்னாடி வந்து உக்காருவியே, மறந்துட்டியா? கைய மோந்து பாத்துட்டுத்தானே சோறு போடுவேன்."

யாரோ முகக்கவசத்துக்குள் இருமினார்கள். அது இருமல் இல்லை.

சிஸ்டர் கத்தியைத் தருவதாக இல்லை. விரல் மூக்குக்குப் போனது டாக்டருக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆனால் மருந்து பூசி மஞ்சளாகக் கிடந்த அந்த முழங்காலைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷ சர்வீஸ் அதைவிடப் பெரிதாகத் தெரியவில்லை.

"மாத்துங்க சிஸ்டர்" என்று கைகளை நீட்டினார்.

மூன்றாம் நாள் பரிவாரத்தோடு வார்டுக்கு வந்தார். கட்டைப் பிரிக்கப் போனபோது அக்கா தடுத்தாள்.

"கையக் காமி."

பத்துப் பேர் பார்க்க, பெரிய டாக்டர் குனிந்து உள்ளங்கைகளை அவள் மூக்கருகே கொண்டுபோனார். "மூக்க இடிச்சிடாதக்கா, மறுபடி கழுவணும்."

மருந்து வாடை குப்பென்று அடித்தது. "சரி, பிரி."

சிவப்பில்லை, சீழில்லை. தையல் காய்ந்து சுத்தமாக இருந்தது. டாக்டருக்கு மூச்சு வந்தது. கூடவே பேச்சும் வந்தது. பயிற்சி டாக்டர்கள் பக்கம் திரும்பினார். விரல் மெல்ல மூக்கை நோக்கி ஏறியது.

"டேய்!" என்றாள் அக்கா.